கதவுக்கு வெளியே நான்கு அடி

லக்ஷ்மி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ப்ளவுஸ் துணிக் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். புனேயில் இந்த மாதிரிக் கடையை மேட்சிங் சென்டர் என்பார்கள். ப்ளவுஸ் துணி, உள்பாவாடை, புடவைக்கு ஃபால், இவை தவிர வேறொன்றும் அங்கே கிடையாது. வருகிறவர்கள் பையிலிருந்து புடவையை எடுத்து மேஜையில் விரிப்பார்கள். அந்த நிறத்துக்குச் சேருகிற துணியை அலமாரியிலிருந்து உருவிக் கொடுப்பது என் வேலை. அரக்கில் மட்டும் பதினான்கு தட்டுகள் இருந்தன. மயில்கழுத்தில் ஒன்பது. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று மின்சாரம் போன நேரத்திலும் கை வைத்து எடுப்பேன்.

விளக்கை நம்பி அங்கே யாரும் துணி கொடுத்ததில்லை. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் வேறு வேறாகிவிடும். அதனால் மூன்று நான்கு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவையின் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்தவரோடு படியிறங்கித் தெருவுக்குப் போவோம். வெயிலில் வைத்துப் பார்த்து அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் உள்ளே வந்து வெட்டுவோம். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது படி ஏறி இறங்கியிருப்பேன். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்கிற காரியம் இல்லை அது. புடவையைக் கையில் பிடித்தால் கால் வாசலுக்குப் போகும்.

கடை காலை பத்துக்குத் திறந்து மதியம் ஒன்றுக்கு மூடும். மறுபடி நான்கு மணிக்குத் திறக்கும். முதலாளியை எல்லோரும் காகா என்று கூப்பிடுவோம்; மராத்தியில் சித்தப்பா. இடையில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். புனேயின் பழைய கடைக்காரர்கள் அநேகமாக எல்லோருமே அப்படித்தான். பூட்டும் நேரத்தில் யாராவது வந்து நின்றால், நாலு மணிக்கு மேல் வந்தால் நிறம் மாறிவிடுமா என்று காகா கேட்பார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருபத்தேழு வருடத்துக்கு முன் கல்யாணமாகி இங்கே வந்தபோது நானும் சிரித்தவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. வலது கையும் காலும் போயின. பேச்சு ஏழெட்டுச் சொற்களுக்குச் சுருங்கியது. அதையெல்லாம் ஒருவழியாகப் பழகிக்கொண்டோம். விழுங்குவதுதான் பழக முடியாததாக இருந்தது. வாயில் வைத்தது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நேராக உட்கார வைக்க வேண்டும். முகவாயைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். சின்ன ஸ்பூனில் பாதிதான் எடுக்க வேண்டும். குரல்வளை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. முடிந்ததும் 'ஆ' என்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். குரல் உலர்ந்து தெளிவாக இருந்தால் கவலையில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஈரமாக இருந்தால் தொண்டையில் ஏதோ தங்கியிருக்கிறது. ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்றாள். சரியாக நாற்பது நிமிடம்தான் ஆனது.

வங்கியில் கொடுக்கும் டைரியில் அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி எழுதிவருகிறேன். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை ஸ்பூன், எத்தனை இருமல், குரல் எப்படி.

ஒரே ஒரு தடவை மாவ்ஷி ஊட்டினாள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. நான் கடையில் இருக்கும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். நல்லவள், வாஞ்சையானவள், ஆனால் எல்லாவற்றிலும் வேகம். அன்று மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று நான் வருவதற்கு மூன்றரை ஆகிவிட்டது. அவருக்குப் பசிக்குமே என்று பருப்புசாதத்தைப் பத்து நிமிடத்தில் கொடுத்து முடித்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல். நுரையீரலில் தொற்று என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குப் பிறகு அவர் வாய்க்குள் போகிற எதுவும் என் கையால்தான் போயிற்று.

ஆகவே மதியம் இரண்டு மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும். ராஸ்தா பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கடையிலிருந்து இருபத்திரண்டு நிமிட நடை. காகா தூங்கிக்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரத்தில்தான் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் காகாவின் மகன் கடையைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் வாரமே, ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும் என்று மராத்தியில் எழுதித் தொங்கிய பலகையைக் கழற்றினார். மால்களில் யாரும் தூங்குவதில்லை என்றார். எனக்கு அந்த மூன்று மணி நேரம் மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். மேட்சிங் தெரிந்த ஆள் இல்லாமல் கடையை மட்டும் திறந்துவைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை. அரை நாள் மட்டும் வருகிறேன் என்றதற்கு, முழு நாள் வருகிற ஒருவர்தான் தனக்கு வேண்டும் என்றார். நாங்கள் பேசி முடிக்கும்வரை காகா மீட்டர் கோலை மேஜையின் ஓரத்துக்கு நேராக வைத்துக்கொண்டே இருந்தார். வைத்த பிறகும் விரலால் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினார்.

ஒன்றரை மாதம் வேறு வேலை தேடினேன். பென்ஷன் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் போய்விடும். வீட்டில் சும்மா இருக்க வழியில்லை. போன இடங்களில் முழு நாள் கேட்டார்கள், அல்லது இரவு பத்துக்கு முடிகிற மாலை வேலை. அது அவருடைய இரவுச் சாப்பாட்டின் மேல் விழும். ரஞ்சன்காவ் பக்கம் பாக்கிங் வேலை இருக்கிறது என்று கீழ்வீட்டு அம்மாள் சொன்னாள். கம்பெனி பஸ் காலை ஆறுக்கு ஏற்றி மாலை ஏழுக்கு இறக்கிவிடும். கடைசியில் மகர்பட்டாவில் ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கடையில் பார்ட் டைம் ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனேன்.

மேனேஜருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஹிந்தியில்தான் ஆரம்பித்தாள். நான் எழுதிக்கொடுத்த படிவத்தில் பிறந்த ஊரைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா தமிழுங்களா? நான் கோயமுத்தூர் பக்கமுங்க. இங்க வாகட்ல இருக்கோம், வீட்டுக்காரர் ஐ.டி."

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் என்று சொன்னேன். ஒரு மணிக்கு நான் கிளம்பிவிட வேண்டும்.

"ஃப்ளோர்ல காலைல பார்ட் டைம்னா ஒம்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும்தானுங்கக்கா. ஒரு மாசம் டிரையல். அதைத் தாண்டீட்டீங்கன்னா ஷிஃப்ட் ஃபிக்ஸ் ஆயிரும், யாரும் மாத்த மாட்டாங்க."

ஒரு மணிக்குக் கிளம்பினால் பஸ் பிடித்து ஒன்று ஐம்பதுக்கு வீடு. மாவ்ஷியும் அதுவரை இருக்கச் சம்மதித்தாள். அன்று வீட்டுக்கு வந்து அவரிடம், எல்லாம் சரியாக அமைந்துவிட்டது, நேரம் ஒரு நிமிடம்கூட மாறாது என்று சொன்னேன். நல்லா என்றார். அவரிடம் மிஞ்சியிருந்த சொற்களில் அதுவும் ஒன்று.

புதுக் கடையில் எனக்குத் தெரிந்த எதற்கும் வேலை இல்லை. வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்துத் தாங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள். வருகிறவரைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். சட்டைகளை அட்டையில் வைத்து மடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு சட்டைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிதான் எனக்குப் போதும் என்பதை ஐந்தாம் நாள் கவனித்தேன். நிறங்களுக்கு டேக்கில் இங்கிலீஷ் பெயர் போட்டிருக்கும். நான் மயில்கழுத்து என்று ஒன்பது தட்டாகப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் அங்கே ஒரே பெயரில் ஒரே கம்பியில் தொங்கியது. ஒவ்வொரு உருப்படியிலும் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு டேக் குத்தியிருக்கும். பில் போட்ட பிறகு கவுன்டரில் அதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றாமல் வாசலில் இருக்கும் இரண்டு தூண்களைத் தாண்டினால் சத்தம் போடும். இதை முதல் நாளே சொன்னார்கள். நானும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

கடைக்குள் ஜன்னல் கிடையாது. எல்லாம் வெள்ளை விளக்கு. அதில் அரக்கு சாக்லேட்போலத் தெரியும்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னிடம் ஹிந்தியில்தான் பேசுவாள். தமிழ் அவளுடைய கண்ணாடி அறைக்குள் மட்டும். அதுவும் யாரிடமும் சொல்லக்கூடாத விஷயமாக இருந்தால்தான். இரண்டாவது வாரத்தில் இதைப் புரிந்துகொண்ட பிறகு, அவள் ஹிந்தி பேசுகிறவரை எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினேழாவது நாள், வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபது இருக்கும். துணிப்பையோடு ஒரு அம்மாள் வந்தாள். சதாசிவ பேட்டிலிருந்து பழைய கடைக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தவள். மகளுக்குக் கல்யாணம், மகள் இங்கே பக்கத்து ஆபீஸில் வேலை செய்கிறாள், ஏதோ உடையைப் போட்டுப் பார்க்க உள்ளே போயிருக்கிறாள் என்றாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ போன பிறகு அந்தக் கடையில் பச்சையும் நீலமும் தெரிந்த ஒரு ஜீவன் இல்லை என்று மராத்தியில் திட்டித் தீர்த்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு பைத்தணிப் பட்டுப் புடவையை எடுத்தாள். வெங்காயச் சருகு நிறம், பச்சைக் கரை. இந்தக் கரைக்கு ஆயத்த ப்ளவுஸ் ஒன்று எடுத்துக் கொடு என்றாள்.

புது வேலைக்கு வந்து பதினேழு நாளில் என்னிடம் ஒருவர் நிறம் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பியிலிருந்து இரண்டு பச்சையை எடுத்தேன். அந்த விளக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெளிச்சத்தில் பார்த்துவிடலாமா என்று அவள் கேட்டாளா, நான் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு ப்ளவுஸையும் தோளில் போட்டுக்கொண்டேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி குனிந்து யாருடைய பையிலோ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே நான்கு அடி போனோம். நல்ல வெயில். இரண்டு பச்சைகளில் ஒன்று சட்டென்று மஞ்சளாக விலகியது. மற்றது கரையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. இதுதான் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சத்தம் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. வேறு யாருக்காகவோ அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவலாளி ஓடிவந்து அந்த அம்மாளின் பையைத்தான் முதலில் பிடித்தார். நான் யூனிஃபார்மில் இருந்தேன், அவள் வெளியாள். நான்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லச் சொல்ல, சட்டம் சட்டம்தான் என்று அவளை உள்ளே கூட்டிப்போய் வாசல் மேஜையில் பையைக் கொட்டச் சொன்னார். கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், ஒரு டப்பாவில் சட்னி தடவிய சப்பாத்தி, கல்யாணத்துக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல் எழுதிய தாள். பதினைந்து பேராவது நின்று பார்த்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, என்னையா கேட்கிறார் என்று மட்டும் கேட்டாள். மகள் வந்து அழைத்துப் போகும்போது அந்தப் பைத்தணியை மடிக்காமல் மார்போடு சுருட்டிக்கொண்டு போனாள். ப்ளவுஸ் வாங்கவில்லை.

மேனேஜர் அன்று விடுப்பு. ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒரு படிவத்தைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். ஹிந்தியில் எழுதலாமா என்று கேட்டுக்கொண்டு எழுதினேன். பன்னிரண்டு முப்பத்திநான்குக்குத் தூண்களைத் தாண்டினேன். பில் போடாத ப்ளவுஸ் இரண்டு என் தோளில் இருந்தன. கதவுக்கு வெளியே நான்கு அடி சென்றேன். ஏறத்தாழ இரண்டு நிமிடம் வெயிலில் நின்றேன். வாடிக்கையாளருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. கடைசி வாக்கியத்துக்கு அடியில் கோடு போட்டேன். அவள்மேல் எதுவும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் நினைப்பு. சூப்பர்வைசர் அதை அங்கேயே ஸ்கேன் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அன்று ஒன்று இருபது பஸ்தான் கிடைத்தது. இரண்டு எட்டுக்குத் தொடங்கி இரண்டு நாற்பத்தொன்பதுக்கு முடித்தேன். முப்பத்திரண்டு ஸ்பூன், இருமல் இல்லை, குரல் தெளிவு.

மறுநாள் காலை மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "உக்காருங்கக்கா" என்றாள். தமிழ்.

என் வாக்குமூலத்தின் நகல் அவள் மேஜையில் இருந்தது. நான் போட்ட கோட்டின் மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கதவுகிட்ட நின்னப்ப அடிச்சிருச்சுன்னு எழுதியிருந்தீங்கன்னா நான் இங்கயே முடிச்சிருப்பேனுங்கக்கா. நாலடி வெளியன்னு எதுக்கு எழுதுனீங்க?"

"நாலடிதாம்மா போனேன்."

"அது எனக்குத் தெரியுமுங்க. கேமராவுல பார்த்துட்டேன். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

அவளே மேலே சொன்னாள். டிரையல் காலத்தில் பில் போடாத சரக்கோடு வாசலைத் தாண்டியவர்களை ஃப்ளோரில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலையை விட்டு நிறுத்தச் சொல்லித்தான் மெயில் வந்ததாம். அவள் பேசிப் பேசிப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து. பின்னறையில் பார்ட் டைம் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து.

காலையில் பின்னறை வேலை செய்யக் கூடாதா என்று கேட்டேன். லாரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும், காலையில் அங்கே தொடுவதற்கு ஒன்றும் இருக்காது என்றாள். அப்போதுதான் அவளிடம் என் கணவரைப் பற்றிச் சொன்னேன். வேலை கேட்டு வந்த இடத்தில் வீட்டு விஷயம் வேண்டாம் என்று அதுவரை சொல்லியிருக்கவில்லை. இரண்டு மணி, நாற்பது நிமிடம், குரல்வளை, எல்லாம் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாவுக்கு வேற யாரும் ஊட்ட முடியாதுங்களா?"

"ஒரு தடவை ஊட்டினாங்க" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, மறுபடி ஒரு மெயில் போடுகிறேன், ஆனால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றாள். சனிக்கிழமை பதில் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இரண்டு வரி. முதல் வரியில் நன்றி.

வேலையை விட்டுவிடலாமா என்று ஞாயிறு முழுவதும் யோசித்தேன். மறுபடி ஒன்றரை மாதம் தேட வேண்டும். தேடினாலும் காலை ஒன்பதிலிருந்து ஒன்று என்று இன்னொரு இடம் கிடைக்கும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. மாவ்ஷியிடம் கேட்டேன். மதியம் போகிற இன்னொரு வீட்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டு பன்னிரண்டிலிருந்து ஆறு வரை இருக்கிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது சாப்பாடு மட்டும். பதினொரு மணிக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று தீர்மானித்தேன்.

திங்கட்கிழமை பதினொன்று ஐந்துக்கு உட்கார வைத்தேன். காலைக் கஞ்சி முடிந்தே இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினொரு ஸ்பூன் வாங்கினார், பிறகு உதட்டைச் சேர்த்துக்கொண்டார். செவ்வாய் ஒன்பது. மீதியை மாலை ஆறு மணிக்கு நான் வந்து கொடுத்தேன். இரண்டு மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாவ்ஷி சொன்னாள். புதன் இடது கையால் ஸ்பூனைத் தள்ளிவிட்டு, "அப்புறம்" என்றார். அப்புறம் நான் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிண்ணத்தின் மேல் தட்டை வைத்து மூடிவிட்டுக் கிளம்பினேன். அன்று மாலை வந்தபோது அவருடைய இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. நாலு ஸ்பூன் உள்ளே போன பிறகுதான் நின்றது.

அன்று இரவு மாவ்ஷிக்கு போன் செய்து வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொன்னேன்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீரை வைத்துக்கொண்டு, அவளுக்கே ஊட்டிக் காட்டினேன். அவள் விரலை அவள் குரல்வளையில் வைத்து, ஏறி இறங்குவதை உணரச் செய்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிகாரத்தில் மணி தெரியும், நிமிடம் தெரியாது. சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி அவர் எதிரில் வைத்தேன். கண்ணாடியின் மேல் எட்டுக்கு நேராக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, நான்குக்கு நேராக ஒரு பச்சைப் பொட்டு ஒட்டினேன். ஒரு மணி அடித்த பிறகு பெரிய முள் சிவப்பில் வரும்போது ஆரம்பிக்க வேண்டும், பச்சைக்கு வருவதற்கு முன்னால் கிண்ணம் காலியாகக் கூடாது. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னபோது என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாள்.

"நான் மறக்கலை தாயீ" என்றாள் மராத்தியில். அக்கா என்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அந்த ஒன்பது நாளும் எனக்கும்தான் தூக்கம் இல்லை."

பின்னறையில் போன் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அங்கே என் வேலை டேக் குத்துவது. லாரியில் வந்த பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு உடையிலும் பக்கத் தையலில் ஊசியைச் செலுத்தி, பிளாஸ்டிக்கை அழுத்தி மூட வேண்டும். டக் என்று ஒரு சத்தம் வரும். சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஒன்று நாற்பது ஆனபோது இப்போது ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்தேன். ஒரு டேக் குத்தி, மனதுக்குள் ஒருவர் விழுங்குகிற நேரம் விட்டு, அடுத்ததை எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் பெட்டியை எட்டிப் பார்த்து, கை வலிக்கிறதா என்று கேட்டாள். இரண்டு இருபது வரை அப்படித்தான் குத்தினேன். அதற்குப் பிறகு ஐந்து மணி வரை இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

ஐந்து மணிக்கு லாக்கரைத் திறந்தேன். தவறிய அழைப்பு எதுவும் இல்லை. மாவ்ஷி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். கடை வாசலில், அந்தத் தூண்களுக்கு வெளியே நின்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டார், கிண்ணம் காலி, ஒரு பருக்கை மிச்சமில்லை, கவலைப்படாதே என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். அனுப்பிய நேரம் ஒன்று ஐம்பத்தெட்டு.

சிவப்புப் பொட்டிலிருந்து பதினெட்டு நிமிடம்.

வீட்டுக்கு ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்தேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, பளிச்சென்று இருந்தார். கை நடுங்கவில்லை. மாவ்ஷி செருப்பை மாட்டிக்கொண்டே, இருமவே இல்லை என்றாள். நிமிடத்தைப் பற்றி நான் கேட்காமலே அவளாகச் சொன்னாள். நான் மெதுவாகத்தான் கொடுத்தேன் தாயீ, அவர்தான் வாயைத் திறந்துகொண்டே இருந்தார். மூன்று நாள் பசி. வாயைத் திறந்து பார்க்கிற மனுஷனுக்கு முன்னால் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது. அவளிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. மூன்று நாள் பட்டினி போட்டது அவள் இல்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார்.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். குரலின் அடியில் ஏதோ இருந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்துக் கேட்டால் என்ன தெரியும் என்று அந்தப் பயிற்சிப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். போன தடவையும் இரண்டாம் நாள்தான் சுட்டது.

டைரியை எடுத்தேன். தொடக்கம் ஒன்று நாற்பது. முடிவு ஒன்று ஐம்பத்தெட்டு. ஸ்பூன் தெரியவில்லை. இருமல் இல்லை என்று மாவ்ஷி சொன்னாள். குரல் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். களைத்திருந்தார்.

"அப்புறம்" என்றார்.

அந்தச் சொல்லையும் காது கொடுத்துக் கேட்டேன். ஈரமா, உலர்ந்ததா, தெரியவில்லை.